ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவே

ஆகஸ்ட் 2, சனி

மாமாவின் காலுக்கு டிரெஸ்ஸிங் மாற்றினார்கள். கட்டைவிரல் ஓரம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. காரில் ஏறியதும் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, பால் வாங்கிட்டியா?"

இங்கத்துக் கிரியோல் மொழியில் பால் என்றால் துப்பாக்கிக் குண்டு. கல்யாணமாகி இந்த மொரீஷியஸ் தீவுக்கு வந்த புதிதில் இதே கேள்விக்கு ஒரு லிட்டர் பசும்பாலோடு போய் நின்றவன் நான். இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வாங்கவில்லை மாமா. எதை வாங்குவது என்று தெரியாமல்தான் தூக்கமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோவிலில் கஞ்சி. ஆடி முடியும்வரை துப்பாக்கி என்ற பேச்சே வீட்டில் வேண்டாம் என்றாள் மனைவி. காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்ட் 16-ஆம் தேதியோடு ஆடி சரி. செப்டம்பர் 17 புரட்டாசி பிறக்கிறது. பிறந்துவிட்டால் இந்த வீட்டில் முட்டைகூட உடையாது. நடுவில் ஆவணி ஒன்றுதான். அதிலும் எஸ்டேட்டில் மான் வேட்டைக்கு எனக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு நாள், செப்டம்பர் 13.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அந்தப் பெண்மான், அந்தப் பிணை, மறுபடி கனவில். நின்று திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, சனி

போர்ட் லூயிஸ் கடையில் என் .308 துப்பாக்கிக்கு நான்கு விதக் குண்டு இருந்தது. நான்கிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கினேன். விலையை இங்கே எழுதப் போவதில்லை, இந்த நோட்டை அவளும் படிப்பாள்.

ஒன்று 168 கிரெய்ன் மேட்ச் குண்டு, போட்டியில் இலக்கைச் சுடுவதற்கானது. இரண்டாவது 150 கிரெய்ன், முனையில் சிவப்பு பிளாஸ்டிக், உள்ளே ஈயம், மேலே மெல்லிய செம்புத் தோல். மூன்றாவது 165 கிரெய்ன், அதில் ஈயத்தையும் தோலையும் பிரியாதபடி ஒட்டவைத்திருக்கிறார்கள். நான்காவது 150 கிரெய்ன், முனையில் பிளாஸ்டிக், மற்றபடி முழுக்கச் செம்பு, ஈயம் ஒரு துளி இல்லை.

கிரெய்ன் என்பது தானிய மணிதான். நம் ஆட்கள் பொன்னைக் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி, வெள்ளைக்காரன் தானியத்தை வைத்து நிறுத்தான். 150 கிரெய்ன் என்றால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பவுனுக்கும் மேலே, விநாடிக்கு எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் வேகத்தில். அதைக் கொண்டுபோய் நூறு கிலோ மானின் நெஞ்சில் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காகிதத்தைச் சுட ஆடி தடையில்லை என்று வாதாடி ஜெயித்தேன்.

மணல்மூட்டை, நூறு மீட்டர், வகைக்கு மூன்று மூன்றாக. மேட்ச் குண்டு மூன்றும் ஒரே ஓட்டையாகிவிட்டன, மொத்த அகலமே 18 மில்லிமீட்டர். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. சிவப்பு முனை 26. ஒட்டினது 33. செம்புக் குண்டு 61! ஒரு குண்டு இடப்பக்கம், ஒன்று மேலே, ஒன்று எங்கோ.

வீடு வரும்வரை மேட்ச் குண்டேதான் என்று முடிவு கட்டியிருந்தேன். மாமாவிடம் அட்டையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நல்லாருக்கு. இந்த அட்டையைக் கறி வைக்கிறதா?"

ஆகஸ்ட் 14, வியாழன்

ரத்தத்தில் சர்க்கரை 14.2 மில்லிமோல், ரொம்ப அதிகம். மாத்திரையை ஒளித்து வைக்கிறார் என்று அத்தை அழுகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. வீட்டில் மீன்.

மாலையில் மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுக்கச் சொன்னார். பழைய பால்பவுடர் டப்பா. பாலுக்குப் பால் டப்பா என்பது அவருடைய நாற்பது வருட ஜோக். எஸ்டேட்டில் காவலராக இருந்த காலம் முழுக்கத் தோலுரிக்கும்போது மானின் உடம்பில் அகப்பட்ட குண்டுகள். படுக்கைவிரிப்பில் கொட்டினேன். காளானாக விரிந்தவை, பாதி உடைந்தவை, வெறும் செம்புத்தோல் மட்டும், ஒன்று மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரியே.

ஒவ்வொன்றுக்கும் கதை இருக்கிறது. இது சமரேல் சரிவில், முன்சப்பை எலும்பில் பட்டு வெடித்தது, சப்பைக்கறி முழுக்க ரத்தக்கட்டி, நாய்க்குத்தான் ஆச்சு. இது பின்னாலிருந்து சுட்டது, குடல் வழியாக வந்து கழுத்தடியில் நின்றிருந்தது, சுட்டவனைத் திட்டி அனுப்பினேன். இந்த மான்களை 1639-ல் டச்சுக்காரன் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கினான், நம் ஆட்கள் பாண்டிச்சேரியிலிருந்து வருவதற்கும் நூறு வருஷம் முன்னால், அதனால் அதுதான் மூத்த குடி, மரியாதையாகச் சுடணும் என்பதும் வழக்கம்போல் வந்தது.

நான் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, எது நன்றாக விரிந்திருக்கிறது என்று குறிப்பெடுத்தேன். எழுபத்தொன்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராத்திரி இரண்டு மணி. திடீரென்று உறைத்தது. அந்த டப்பாவில் இருப்பதெல்லாம் கிடைத்த மானுக்குள் நின்ற குண்டுகள். ஊடுருவி வெளியே போனது ஒன்றுகூட அதில் இருக்காது. கிடைக்காமலே போன மானின் குண்டும் இருக்காது. என் பிணையின் குண்டு மாதிரி.

எழுபத்தொன்றையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் குறிப்பெடுத்தேன்?

ஆகஸ்ட் 23, சனி

மான் உடம்புக்குப் பதிலாக, இரண்டு நாள் ஊறவைத்த பழைய செய்தித்தாள் கட்டுகள். குளியலறை முழுக்க மை வாசம், வாளி கறுத்துப்போய்விட்டது. அதற்குக் கிடைத்த அர்ச்சனை தனி.

எஸ்டேட் மண்மேட்டின் முன்னால் கட்டுகளை அடுக்கி 60 மீட்டரில் சுட்டேன். இங்கே மிராதோரிலிருந்து, அதாவது வேட்டைப் பரணிலிருந்து, பார்த்தால் அதுதான் தூரம். 100 என்றாலே அபூர்வம். எல்லோரும் 300 மீட்டரில் குண்டு விரியுமா என்று கவலைப்படுகிறார்கள். வேகம் விநாடிக்கு 550 மீட்டருக்குக் கீழே போனால் பல குண்டுகள் சரியாக விரியாது, உண்மைதான். நமக்கு அந்தக் கவலை தலைகீழ். இவ்வளவு பக்கத்தில் வேகம் குறையவே நேரமில்லை, மெல்லிய குண்டு வாசலிலேயே வெடித்துவிடும்.

அப்படியேதான் ஆனது. சிவப்பு முனை முதல் கட்டிலேயே தோல் வேறு ஈயம் வேறாகப் பிரிந்தது. ரோஸ்ஹில் மச்சான் கடையில் பொன் நிறுக்கும் தராசில் வைத்தோம்: 9.72 கிராமில் மிச்சம் 4.9. ஒட்டினது 10.69-க்கு 7.3, அழகான காளான். மேட்ச் குண்டு மூன்று சுட்டேன்: ஒன்று ஊசி மாதிரி நேரே போய்விட்டது, ஒன்று குறுக்கே புரண்டிருந்தது, ஒன்று பொடி. அதன் முனையில் இருக்கும் துளை விரிவதற்காக வைத்ததல்ல. மூன்று முறை, மூன்று குணம். அந்த 18 மில்லிமீட்டரை இனி நினைக்கக் கூடாது.

செம்புக் குண்டுதான் கடைசிக் கட்டுவரை போனது. நான்கு இதழ் விரித்து, செம்பருத்திப் பூ மாதிரி. 9.6. பிளாஸ்டிக் முனை மட்டும்தான் போயிருக்கிறது. சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன், கூட்டத்தில் பேசும்போதெல்லாம் கை அங்கேயே போகிறது.

ஆனால் 61 மில்லிமீட்டர்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அந்தக் கொய்யாக் கிளையை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். விரல் தடிமன். நடுவில் பிறை மாதிரி ஒரு வெட்டு. சீனக்கொய்யாப் புதருக்கு அந்தப்பக்கம் பிணை நின்றது, கிளை ஸ்கோப்பில் தெரியவே இல்லை. கனமான குண்டு புதரைக் கிழித்துக்கொண்டு போகும் என்று சொன்னவர்களை நம்பியிருந்தேன். எந்தக் குண்டும் போகாது. கொஞ்சமோ நிறையவோ எல்லாம் விலகும்.

மூன்றாம் நாள் நாய்கள் கண்டுபிடித்தன. மாமா என்னை வரவேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

விஷயம் குழலில் இருந்திருக்கிறது. மற்ற குண்டுகள் பூசிவிட்டுப் போன செம்பின் மேல் இந்தச் செம்புக் குண்டைச் சுட்டால் அது தன்னிஷ்டத்துக்குப் போகுமாம். செம்பு கரைக்கும் மருந்தை விட்டுத் துணி இழுத்தேன். முதல் துணி மயில்கழுத்து நீலம். பன்னிரண்டாவதும் நீலம். வீடெல்லாம் அம்மோனியா, யார் தலைக்கு டை அடிக்கிறது என்று அத்தை கேட்டார். இருபதாவது துணி வெள்ளை.

செப்டம்பர் 6, சனி

அதே செம்புக் குண்டு, 34 மில்லிமீட்டர். போதும். நெஞ்சுக்கூட்டில் எனக்கு வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு.

ஒன்றே ஒன்று: சுத்தமாகத் துடைத்த குழலில் முதல் குண்டு மட்டும் நான்கு சென்டிமீட்டர் மேலே போகிறது. மிராதோரில் எனக்குக் கிடைக்கப்போவதே அந்த முதல் குண்டுதான். அதனால் 13 வரை துடைக்கப் போவதில்லை.

ஒட்டின குண்டு என்ன பாவம் செய்தது என்று மச்சான் கேட்டான். ஒரு பாவமும் இல்லை. ஆனால் மிராதோர் உயரம். குண்டு முதுகுப்பக்கமாக உள்ளே நுழையும், வயிற்றுப்பக்கமாகக் கீழே வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே நிறையும், மேல் ஓட்டை வழியாகச் சொட்டாது. செம்மண், தூறல், கொய்யாப் புதர். அதற்குள் தடமே இல்லாமல் யார் தேடுவது? மாமா எப்போதும் சொல்வது, "பா கெத் பால், கெத் தீசான்." குண்டைப் பார்க்காதே, ரத்தத்தைப் பார். எனக்கு இரண்டு ஓட்டை வேண்டும். அப்புறம் அந்தக் கறியைக் குழந்தைகளும் சாப்பிடும், ஈயத்தூள் வேண்டாம்.

செப்டம்பர் 10, புதன்

விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். திங்கட்கிழமை.

மாமா: "எத்தனை விரல்?" டாக்டர்: "இரண்டு." மாமா: "சனிக்கிழமை இவன் லாசாஸுக்குப் போறான்." லாசாஸ் என்றால் வேட்டை.

செப்டம்பர் 12, வெள்ளி

பத்துத் தோட்டா, பைனாகுலர், மழைக்கோட்டு. கோவிலுக்குப் போய் வந்தேன். எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று கேட்டாள். மாமாவுக்காக. பாதி பொய்.

செப்டம்பர் 13, சனி

விடிவதற்கு முன்பே ஏறிவிட்டேன். தென்கிழக்குக் காற்று, விட்டுவிட்டுத் தூறல். ஏழு மணிக்கு ஒரு கலைமான் கத்தியது, வெளியே வரவில்லை. ஏழரைக்கு ஒரு பிணை கொய்யாவுக்குப் பின்னால் வந்து நின்றது. கழுத்து தெரிகிறது, தோள் தெரியவில்லை. விசையில் விரல். அந்தக் கிளை. விரலை எடுத்துவிட்டேன். பதினைந்து நிமிடம் நின்றது, போய்விட்டது.

எட்டே முக்காலுக்கு ஓர் இளம் கலைமான், தனியாக, பக்கவாட்டில், வெட்டவெளியில். 70 மீட்டர். சுட்டதும் முதுகைக் கூனிக்கொண்டு பாய்ந்து புதருக்குள் போய்விட்டது. கை நடுங்கியது. அரைமணி நேரம் இறங்கக் கூடாது என்பது மாமாவின் சட்டம். இருபது நிமிடம்தான் தாங்கினேன்.

நின்ற இடத்தில் கொஞ்சம் மயிர். இரண்டடி தள்ளி ரத்தம். நுரையோடு, இளஞ்சிவப்பாக, புல்லின் இரண்டு பக்கமும். தூறலில் கரைந்துகொண்டிருந்தது, ஆனால் இருந்தது. குனிந்தபடியே நடந்தேன். முப்பத்தெட்டு அடி. கொய்யா வேரில் தலைசாய்த்துக் கிடந்தது.

வெளியே வந்த ஓட்டையில் என் கட்டைவிரல் நுழைந்தது. சப்பையில் ஒரு கைப்பிடிகூட வீணாகவில்லை.

குண்டைத் தேடி மண்ணைக் கிளறினேன். எங்கே கிடைக்கும்!

செப்டம்பர் 14, ஞாயிறு

கரி செர்ஃப், மான்கறிக் குழம்பு. அத்தை சமையல். மாமா இரண்டு துண்டுதான் சாப்பிட்டார், நாளைக்கு வெறும் வயிறு.

சாப்பிட்டதும் டப்பாவைக் கேட்டார். மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். "பால் எங்கே?"

ஊடுருவிப் போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாளைக்கு ஆபரேஷன். நீட்டிய கை. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நான்கு இதழையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல பால் என்றார். அப்புறம் கண்ணாடியை ஏற்றி, ஓர் இதழின் இடுக்கில் நகத்தை விட்டு, ஒரு துணுக்குக் காகிதத்தை மெல்ல வெளியே இழுத்தார். பிரெஞ்சில் மூன்று எழுத்து இருந்தது.