டான்வில், கென்டக்கி, 1921

அக்டோபர் 22, சனி

நம் சென்டர் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணி டிரான்சில்வேனியா கல்லூரியை 98–0 என்று அடித்திருக்கிறது. இன்னும் இரண்டு புள்ளி எடுத்து நூறாக்கியிருக்கலாமே என்று கீழே அங்கலாய்ப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்திருக்க முடியாதவனை எத்தனை தடவை தள்ளுவது?

அக்டோபர் 24

பென் ஸ்டேட்டோடு ஹார்வர்ட் 21–21 சமன். பத்திரிகையை வீட்டுக்கார அம்மாள் மேலே கொண்டுவந்து தந்தார். அன்பானவர்தான். ஆனால் இறங்கிப் போனதும் கை கழுவும் சத்தம் கேட்டது.

அக்டோபர் 26

தூக்கமில்லை. அந்தப் பந்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் ஹார்வர்டோடு இடைவேளை வரை 14–14. பிறகு மூச்சு முட்டி 31–14 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்ட் தலைவன் மரியாதைக்குப் பந்தை நீட்டினானாம். நம் ஆட்டக்காரன் மெக்மில்லின் வாங்கவில்லை, அடுத்த வருடம் வந்து ஜெயித்தே எடுத்துக்கொள்கிறோம் என்றானாம். ஊரே இதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறது. எனக்கு அடிவயிறு கலங்குகிறது. முந்நூறு மாணவர்கள்கூட இல்லாத கல்லூரி. எதிரே இத்தனை வருடம் தோல்வியையே காணாத ஹார்வர்ட். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இப்போது சனிக்கிழமை தோற்றால் பந்தும் இல்லை, வாய்ச்சொல்லும் இல்லை.

என் சளி சோதனைக்காக லூயிவில்லுக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

அக்டோபர் 28

பதில் இல்லை.

அக்டோபர் 29, சனி

ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். திறந்தேன்.

தந்தி அலுவலகம் இருக்கும் பக்கம் பாதி ஊர் திரண்டிருந்தது. முதல் பாதி முடியும்வரை ஒரு கூச்சலும் இல்லை. 0–0 என்று அறைத்தோழன் ஓடிவந்து சொல்லிவிட்டு அதே வேகத்தில் ஓடினான். அப்புறம் ஒரு சத்தம். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாய்கள் குரைத்தன, யாரோ தகரத்தைத் தட்டினார்கள். ஆனால் எனக்கு வந்து சொல்ல ஒருவரும் இல்லை! பைத்தியம் பிடித்தவனைப் போல ஜன்னலிலிருந்து கத்தினேன். கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. தெருவில் போன கிழவர் ஒருவர்தான் நின்று, தொப்பியைக் கழற்றி, “மெக்மில்லின், தம்பி. 32 கெஜம்” என்றார்.

மூன்றாம் கால் பகுதி தொடங்கியதுமே ஓடியிருக்கிறான். அடுத்து உதைத்த கூடுதல் புள்ளி தவறிவிட்டது. ஆறு. வெறும் ஆறை வைத்துக்கொண்டு மீதி ஆட்டம் முழுவதும் காக்க வேண்டும். அதற்குள் இருட்டிவிடக் கூடாதா என்றிருந்தது.

காத்துவிட்டார்கள். 6–0.

அக்டோபர் 30

ராத்திரி முழுக்க இருமல். கவலையில்லை.

நவம்பர் 1

சுவருக்குச் சுவர் ‘சி6 எச்0’: சென்டர் 6, ஹார்வர்ட் 0. வேதியியல் பாடத்தில் இதைவிடச் சுலபமான சூத்திரம் எனக்கு வாய்த்ததில்லை. இந்த நேரத்தில் கென்டக்கி கவர்னராக இருப்பதைவிட மெக்மில்லினாக இருப்பதே மேல் என்று கவர்னர் மாரோ சொன்னாராம். எனக்கும் ஆசைதான். யாருக்கு இல்லை?

பந்து வந்துவிட்டதா என்று கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். பதில் சொல்வாரில்லை.

நவம்பர் 5

கென்டக்கி பல்கலைக்கழகத்தை 55–0. என் தம்ளரில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 12

ஆபர்ன், 21–0.

நவம்பர் 20, ஞாயிறு

நேற்று வாஷிங்டன் அண்ட் லீ, 25–0. படுத்தபடியே கணக்குப் போட்டேன். இந்தப் பருவம் முழுவதிலும் நம்மிடம் புள்ளி எடுத்தது செயின்ட் சேவியர் மட்டும்தான். எடுத்தது ஆறு. ஹார்வர்டிடம் நாம் எடுத்ததும் அதே ஆறு. இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. காய்ச்சலில் எல்லாவற்றிலும் ஏதோ இருக்கிறது.

லூயிவில் முதல் மாதிரி போதவில்லை என்கிறது. இன்னொன்று அனுப்ப வேண்டுமாம்.

நவம்பர் 24

நியூ ஆர்லியன்சில் டுலேனை 21–0. எனக்கு நன்றியறிதல் நாள் வான்கோழி மேலேயே வந்தது. அப்பா கடிதம்: படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது, வீட்டுக்கு வா. அணி வீடு திரும்பட்டும், வருகிறேன் என்று எழுதிப் போட்டேன்.

டிசம்பர் 27

சான் டியேகோ மழையில் அரிசோனாவை 38–0. அங்கிருந்து நேரே டாலஸ் போகிறார்களாம், ஒரு வாரத்துக்குள் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியோடு இன்னொரு ஆட்டம். எதற்கு? ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா? நம் பயிற்சியாளர் சார்லி மாமாவுக்கு வேறு அவர்கள் மேல் பழைய பாசம். முன்பு அவர் பயிற்சி கொடுத்த கல்லூரி. கோடையில் பேஸ்பால் நடுவராக நின்று எல்லோருக்கும் ‘அவுட்’ கொடுக்கிற மனிதருக்குத் தன் பிள்ளைகள் களைத்திருப்பது தெரியாதா?

ஜனவரி 3, 1922

22–14. தோற்றுவிட்டோம்.

ஆட்டத்தன்று காலையில்தான் மெக்மில்லினுக்குக் கல்யாணம் நடந்ததாம்! ஊரில் பாதிப்பேர் மணப்பெண்ணைத் திட்டுகிறார்கள். வெட்கமாக இல்லையா இவர்களுக்கு?

ஜனவரி 9

டாலஸ் போன நண்பன் எழுதியிருக்கிறான். எதிரணியில் ஒருவர் மாற்றி ஒருவர் அடிபட்டு விழ, பத்திரிகையாளர் மாடத்தில் இருந்த ஒருவனைக் கீழே வரவழைத்து, அடிபட்டவனின் உடையை மாட்டி ஓரத்தில் நிறுத்தினார்களாம். கடைசிவரை அவனுக்கு இறங்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனாலும் உட்காரவே இல்லையாம்.

அவனைப் பற்றி நண்பன் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறான். மீதிக் கடிதமெல்லாம் டாலஸ் சாப்பாடு. எந்த உயரம், எங்கே நின்றான், குளிரில் போர்வை கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டு இன்றே பதில் எழுத வேண்டும்.

மருத்துவர் நாளை வருகிறாராம். தபாலில் அனுப்பாமல் நேரில் வந்து சொல்கிறாராம்.