காலாணி என்று நினைத்த கறுப்பு

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் எங்களிடம் அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், குதிகாலில், இல்லையென்றால் நகத்துக்கு அடியில். முதலில் முள் குத்தின தடம் என்பார்கள். அப்புறம் காலாணி என்று கார்ன் கேப் ஒட்டுவார்கள், சிலர் பிளேடால் சீவியும் விடுவார்கள். புண் ஆறாமல் தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பஸ் ஏறுவார்கள்.

இப்படி வந்த அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவரின் மகன் என்னிடம் செல்போனை நீட்டினார். "கேன்சருக்கு ஊசி கண்டுபிடிச்சிருக்காவளாமே சிஸ்டர், எங்க அப்பாவுக்குப் போட முடியாதா?"

அந்தச் செய்தி பொய்யில்லை. மாடர்னா, மெர்க் என்ற இரண்டு மருந்து கம்பெனிகள் சேர்ந்து சோதிக்கும் ஊசி அது. வெட்டியெடுத்த கட்டியின் மரபணுவை அதே நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் இருக்கும் மாற்றங்களில் 34 வரை தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றை எம்.ஆர்.என்.ஏ.வாக, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடம்பின் செல்லுக்குச் சொல்லும் குறிப்பாக எழுதி, அந்த ஒருவருக்கென்றே மருந்து தயாராகிறது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக 9 ஊசிகள் வரை. உடம்பின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த அடையாளங்களைப் பழகிக்கொண்டு, எங்காவது ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. கூடவே, நோய் எதிர்ப்புச் செல்களைப் புற்றுக்கு எதிராக வேலை செய்ய விடுகிற பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தும் ஏற்றுவார்கள். 157 பேரிடம் நடந்த சோதனையில், பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களைவிட இரண்டையும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது என்று 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் இப்படி ஒரு எண்ணைக் கேட்டதேயில்லை. படித்தபோது உண்மையிலேயே மனசு நிறைந்தது.

ஆனால் அந்த 157 பேரும் கட்டியை முழுசாக வெட்டி எடுத்தவர்கள். திரும்பி வராமல் தடுக்கத்தான் அவர்களுக்கு ஊசி. இந்த அண்ணாச்சிக்கோ நுரையீரல் வரை பரவிவிட்டது. இன்னொன்றும் உண்டு. வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணு மாற்றங்கள் ஏராளம், ஊசிக்கு அடையாளம் எடுக்க வசதி. உள்ளங்காலில் வருவதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தமில்லை, மாற்றங்களும் குறைவு. அதனால் வெள்ளைக்காரர்களிடம் கிடைத்த பலன் நம் ஊர்க் காலுக்கு அப்படியே கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இங்கே வரும் வகையையும் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இதையெல்லாம் மகனை உட்கார வைத்துச் சொன்னேன். "அப்போ ஒண்ணுமே இல்லையா?" என்றார். இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. விலைதான் லட்சக்கணக்கில் போகும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையத்துக்கோ ஒருதடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். வலிக்கு மருந்து இன்றைக்கே இங்கேயே உண்டு. யாராவது அந்தச் சோதனை ஊசியைத் தருகிறோம், பணம் கட்டு என்றால் கட்டவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனையை அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். நிலத்தை அடகு வைக்கத் தயாராக இருக்கும் குடும்பத்துக்கு ஊசியின் விஞ்ஞானத்தைவிட இது அவசரம்.

இப்போது சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் பார்க்கும்போது கறுப்புத் தடத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, ஓரம் ஒழுங்கில்லாமல் பரவும் கறை, ஒரு மாதமாகியும் ஆறாத "காலாணி" எதுவானாலும் பிளேடு படக்கூடாது. நேரே தோல் டாக்டரிடம் அனுப்பிச் சதைப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். பரவுமுன் பிடித்தால் வெட்டி எடுத்தே குணமாக்க முடிகிற நோய் இது.