பாதியில் விட்ட வரி

கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கிய புதிதில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் இலக்கணம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவமான ப்ளூஸின் பன்னிரண்டு பார்கள்தான். பார் என்பது ஒரு தாளச் சுற்று, கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு. முதல் நான்கு பார்களுக்கு ‘ஈ’ கார்டு, அடுத்த இரண்டுக்கு ‘ஏ’, மறுபடி இரண்டுக்கு ‘ஈ’, பிறகு ‘பி செவன்’ ஒன்று, ‘ஏ’ ஒன்று, கடைசியில் ‘ஈ’க்குத் திரும்பி இரண்டு என்று நோட்டில் கட்டம் போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். அந்தக் கணக்கு கைக்குப் பழகியதும், கேசட்டில் ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ பாட்டை ஓடவிட்டு, கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கவ்வியை நகர்த்தி நகர்த்திச் சுருதி சேர்த்துக்கொண்டு, கூடவே வாசிக்க உட்கார்ந்தேன். ஐந்தாவது பாரில் கார்டு மாறும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன், மாறவில்லை. எண்ணியதில்தான் பிசகு என்று நினைத்து நாடாவைப் பின்னுக்கு ஓட்டினேன், மறுபடியும் மாறவில்லை. மூன்று நிமிடப் பாட்டு முழுவதும் ஒரே கார்டில் நின்று, அவர் காலால் தரையைத் தட்டும் சத்தத்தோடு முடிந்துபோயிற்று. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டபோது, “அது முறையான ப்ளூஸ் இல்லை தம்பி, அவருக்குக் கணக்கு வராது” என்றார்.

பல ஆண்டுகள் கழித்து, இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம், எனக்கு மிகவும் பிடித்த ப்ளூஸ் பாட்டு பி. பி. கிங்கின் ‘தி த்ரில் இஸ் கான்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். வயலின்கள் நுழைந்துவிட்ட பாட்டை ப்ளூஸ் என்று சொல்லக் கூடாது, அது நட்சத்திர ஹோட்டலில் சாப்பிடும்போது கேட்கும் சங்கீதம் என்பது அவருடைய தீர்ப்பு. ஆசிரியருக்கு ஹூக்கர் கணக்குப் போதாதவர். நண்பருக்கு கிங் மெருகு கூடிப்போனவர். இருவரையும் ஒப்புக்கொண்டால் என் அலமாரியில் ப்ளூஸ் என்று மிஞ்சக்கூடியது அதிகமில்லை. ஆகவே, அசல் ப்ளூஸ் என்று நாம் எதைச் சொல்கிறோம், அந்த அளவுகோலை யார் வகுத்தார்கள் என்பதை எனக்குப் பிடித்த சில பாட்டுகளை முன்வைத்தே எழுதிப் பார்க்கிறேன்.

அந்தக் கட்டக் கணக்கில் ஆசிரியர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு பார்களும் நான்கு நான்காக மூன்று வரிகளாகப் பிரிகின்றன. முதல் வரியையே இரண்டாவதாகவும் பாடி, மூன்றாவது வரியில் அதற்கு ஒரு மறுமொழி சொல்வது வழக்கம். ஆனால் ஒவ்வொரு நான்கு பாரிலும் குரல் ஏறக்குறைய முதல் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. மிச்சப் பாதி காலியாக விடப்படுகிறது. அந்தக் காலியிடத்தில்தான் கிட்டாரோ ஹார்மோனிகாவோ பியானோவோ வந்து, பாடியவர் சொல்லி முடிக்காததை எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் ஸ்வரத்தையும் ஏழாம் ஸ்வரத்தையும் மேற்கத்திய சுருதிக்குச் சற்றே கீழே இறக்கி, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ நிறுத்துவதால் அந்தப் பதில் இன்னும் தீராத பதிலாகவே ஒலிக்கிறது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இதைப் பிடிப்பது கடினமன்று. ஆனால் அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ப்ளூஸை நம் ஒப்பாரியோடு சேர்த்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பாரி இறந்தவரின் முன்னால் அமர்ந்து பாடுவது. ப்ளூஸோ மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக் கூலிகள் சனிக்கிழமை இரவில் சாராயக் கொட்டகைகளில் கூடி ஆடுவதற்கென்று வாசிக்கப்பட்டது. துயரத்தைப் பாடும் பாட்டுக்கு ஆடினார்கள் என்பதை மறந்துவிட்டால் அதில் பாதி போய்விடும்.

இந்தக் காலியிடத்தின் அருமையை எனக்குப் புரியவைத்தது, பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் நியூயார்க்கில் பதிவுசெய்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. துணைக்கு இரண்டே கருவிகள்: ஃப்ரெட் லாங்ஷாவின் ஆர்மோனியம், அப்போது இருபத்து மூன்று வயதான லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட் என்ற ஊதுகருவி. மாலைச் சூரியன் சாய்வதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று பெஸ்ஸி ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பாடி நிறுத்தியதும், கார்னெட் தயங்கித் தயங்கி நுழைந்து, அவர் மூச்சு வாங்கும் நேரத்துக்குள் ஒரு சின்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதே வரியை அவர் இரண்டாம் முறை பாடும்போது சொற்கள் மாறுவதில்லை. ஆனால் இடையில் கார்னெட் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பாடுகிறவரின் குரலாக அது மாறியிருக்கிறது. பின்னால் ஆர்மோனியம் சின்னத் தேவாலயத்தில் ஒலிப்பதுபோல் அசையாமல் நிற்கிறது. இதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அசல் ப்ளூஸ் என்றால் மிசிசிப்பியின் டெல்டா என்ற பருத்திப் பகுதியின் புழுதிச் சாலையில் தனியாக ஒரு மனிதன், பழைய கிட்டார், வேறு எதுவும் கூடாது என்ற கொள்கைக்கு இந்தப் பாட்டு அடங்காது. இதை எழுதிய டபிள்யூ. சி. ஹேண்டி வாத்தியக் குழு நடத்தியவர், இசையை எழுதத் தெரிந்தவர். 1914-இல் அச்சிட்டு விற்ற இந்தப் பாட்டின் நடுவே டாங்கோ தாளத்தில் ஒரு பகுதியையே சேர்த்திருந்தார். பெஸ்ஸியும் மேடை நிகழ்ச்சிகளில் வளர்ந்து, பட்டும் முத்தும் அணிந்து பாடியவர். வரலாற்று வரிசையைப் பார்த்தாலும், கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடி இசைத்தட்டாக வெளிவந்த முதல் ப்ளூஸ், 1920-இல் மேமி ஸ்மித் நியூயார்க்கில் ஜாஸ் குழுவோடு பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’. அதன் பிறகு சில ஆண்டுகள் தட்டுகளில் கோலோச்சியவர்கள் பெண்கள்தான். தனி ஆண்குரலும் கிட்டாருமாகப் பெரிதாக விற்றது 1926-இல் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் வந்த பிறகு. மூலம் என்று நாம் நினைப்பது தட்டுச் சந்தைக்கு இரண்டாவதாக வந்திருக்கிறது.

அப்படியானால் அந்தப் புழுதிச் சாலை மனிதனை மூலவராகப் பிரதிஷ்டை செய்தவர்கள் யார்? பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சேகரிப்பாளர்களும் ரசிகர்களும்தான். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் கறுப்பின இசை வரலாற்றைச் சொல்லும் பெரிய கச்சேரி ஒன்று நடந்தது. அதற்குத் தேடப்பட்ட டெல்டாப் பாடகர் ராபர்ட் ஜான்சன் அந்த ஆகஸ்ட் மாதமே இறந்துவிட்டதால், பதிலாகப் பிக் பில் ப்ரூன்ஸியை அழைத்தார்கள். அவர் சிகாகோவில் குடியேறிப் பல ஆண்டுகளாகத் தட்டுகள் வெளியிட்டுவந்த, குழுவோடு வாசிக்கும் நகரத்துக்காரர். ஆனால் மேடையில் அவரை ஆர்கன்சாவிலிருந்து வந்த விவசாயக் கூலி என்று அறிமுகப்படுத்தினார்கள்.

இதைவிடவும் சுவையானது 1941-இல் நடந்தது. காங்கிரஸ் நூலகத்தின் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் மிசிசிப்பியின் கோஹோமா மாவட்டத்தில் நாட்டார் இசையைப் பதிவுசெய்யப் போனபோது, ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மட்டி வாட்டர்ஸைக் கண்டார்கள். கலப்படமில்லாத டெல்டா குரல் என்று இன்றும் போற்றப்படும் பதிவுகள் அவை. அந்த ஆய்வில் அவர் தனக்குத் தெரியும் என்று சொன்ன பாட்டுகளின் பட்டியலும் எடுக்கப்பட்டது. அதில் ஜீன் ஆட்ரியின் கௌபாய்ப் பாட்டுகளும், அன்றைய வெள்ளையர் நடனக் குழுக்களின் ‘சாட்டனூகா சூ சூ’வும் இருந்தன. பக்கத்து ஊரான கிளார்க்ஸ்டேலில், காசு போட்டால் தட்டு பாடும் ஜூக் பாக்ஸ்களில் என்னென்ன தட்டுகள் இருந்தன என்றும் குறித்துவைத்தார்கள். லூயி ஜோர்டன், கவுன்ட் பேஸி போன்ற நகரத்துப் பெயர்களே அங்கே நிறைந்திருந்தன. ப்ளூஸின் தாய்மண் என்று நாம் கும்பிடும் ஊரின் மக்கள், கையில் ஐந்து சென்ட் கிடைத்தால் எதைக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

அதே மட்டி வாட்டர்ஸ் 1943-இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். மதுக்கடைகளின் இரைச்சலில் குரலும் நரம்பும் எடுபடாததால் மின்கிட்டாருக்கு மாறினார். 1948-இல் ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ பாடி நகரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். 1958-இல் அவர் இங்கிலாந்துக்குப் போனபோது, ப்ரூன்ஸியின் மரக் கிட்டாரைக் கேட்டுப் பழகியிருந்த ரசிகர்களில் சிலர் மின்சாரச் சத்தம் தாங்காமல் முகம் சுளித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, நாட்டார் இசை மோகம் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்தபோது, அவருடைய கம்பெனியே அவரிடம் மறுபடி மரக் கிட்டாரைக் கொடுத்து ‘ஃபோக் சிங்கர்’ என்ற தட்டைப் போட்டது. அருமையான தட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் விட்டுவந்த ஊருக்கு அவனையே திரும்பத் திரும்ப அனுப்பிவைக்கும் இந்த ரசனையில் ஏதோ ஒரு கொடுமை இருக்கிறது.

சன் ஹவுஸின் கதை இதன் உச்சம். பிரசங்கியாக இருந்து பாடகரானவர், 1930-இல் விஸ்கான்சினின் கிராஃப்டன் ஊரில், மரச்சாமான் கம்பெனி ஒன்றின் கிளையான பாரமவுன்டு என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சில தட்டுகள் பாடினார், அவை விற்கவில்லை. 1964-இல் ரசிகர்கள் அவரைத் தேடிக்கொண்டு மிசிசிப்பிக்குப் போக, அவரோ நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கிட்டாரைத் தொட்டுப் பல ஆண்டுகளாகி, தன் பாட்டுகளையே மறந்துபோய் இருந்தார். ஆல் வில்சன் என்ற இருபது வயதை ஒட்டிய வெள்ளைக்கார இளைஞர், பழைய தட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்தவர், பக்கத்தில் அமர்ந்து அவருக்கு அவருடைய பாட்டுகளையே நினைவூட்டினார். அப்படி மீண்டும் கற்று அவர் 1965-இல் பதிவுசெய்ததுதான் ‘டெத் லெட்டர்’. இதில் எது அசல், எது நகல்?

எனக்கு அந்தப் பாட்டில் சந்தேகமே இல்லை. காலையில் ஒரு கடிதம் வருகிறது; காதலித்த பெண் இறந்துவிட்டாள் என்கிறது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போகிறான்; உடலைக் கிடத்தும் பலகையில் அவள் கிடக்கிறாள். மண்ணுக்குள் இறக்கும்வரை அவளை இவ்வளவு நேசித்தது தனக்கே தெரியவில்லை என்கிறான். உலோக உடல் கொண்ட நேஷனல் கிட்டாரை அவர் மீட்டுவதில்லை, அறைகிறார். விரலில் மாட்டிய குழாய் நரம்பின்மேல் வழுக்கிப் போகும்போது, சொல்லத் துணியாத இடத்தில் குரல் விட்டுவிட்டுப் போனதை அந்த நரம்பு அலறிச் சொல்கிறது.

இதையே கிங்கின் பாட்டிலும் கேட்கிறேன் என்பதுதான் நண்பருக்கு என் பதில். ‘தி த்ரில் இஸ் கான்’ 1951-இல் ராய் ஹாக்கின்ஸ் பாடிய பழைய பாட்டு. கிங் அதை 1969-இல் மைனர் சுருதியில் பதிவுசெய்தபோது தயாரிப்பாளரின் யோசனையால் வயலின்கள் சேர்ந்தன. கிங் பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். வரி முடிந்ததும் லூசில் என்று பெயரிட்ட அந்தக் கிட்டார் நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் சொல்லி, கடைசி ஸ்வரத்தை விரல் நடுக்கத்திலேயே நிறுத்துகிறது. 1925-இல் கார்னெட் செய்த அதே வேலை. மாறாக, ப்ளூஸ் என்ற பெயரில் பத்து நிமிடம் ஓயாமல் வேகம் காட்டும் ராக் கிட்டார்காரர்களிடம் எனக்கு இருக்கும் குறை, அவர்கள் வெள்ளையர்கள் என்பதோ மின்சாரம் என்பதோ அல்ல. பதில் சொல்ல இடமே விடாமல் எல்லா இடத்தையும் அவர்களே நிரப்பிவிடுகிறார்கள் என்பதுதான்.

யாருக்கு உரியது என்ற கேள்வி இதிலிருந்து வேறானது. அதை ரசனையால் மழுப்பிவிட முடியாது. சிகாகோவின் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் எழுதிய பாட்டிலிருந்து எடுத்ததை லெட் ஸெப்பெலின் என்ற ஆங்கிலேய ராக் குழுவினர் தம் பெயரில் வெளியிட்டதற்காக அவர் 1985-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அது இரண்டு ஆண்டுகளில் சமரசத்தில் முடிந்தது. அங்கே பேசப்பட வேண்டியது எது அசல் என்பது அல்ல, யாருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதே.

கடைசியாக, என் அளவுகோலுக்கே சவாலாக இருக்கும் ஒரு பாட்டு. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பர் 3 அன்று டல்லாஸில் பதிவுசெய்த ‘டார்க் வாஸ் தி நைட்’. அவர் தெருவில் நின்று பக்திப் பாட்டு பாடிய பார்வையற்றவர். ப்ளூஸ் பாடகர் என்று யாராவது சொல்லியிருந்தால் வருந்தியிருப்பார். இதில் பன்னிரண்டு பார் இல்லை, திரும்ப வரும் வரியும் இல்லை. ஏசு கெத்செமனே தோட்டத்தில் கழித்த இரவைச் சொல்லும் பழைய கீர்த்தனையிலிருந்து பெயர் மட்டும் வந்திருக்கிறது, சொற்கள் வரவேயில்லை. முனகல் ஒன்று எழுந்து பாதியில் உடைய, நரம்பு அதை எடுத்துக்கொண்டு போகிறது. நரம்பு ஓயும் இடத்தில் முனகல் மறுபடி வருகிறது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளாக ஏற்றி அனுப்பப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. நண்பரிடம் இதைப் போட்டுக் காட்டினேன். “இது ப்ளூஸ் இல்லை, தெரியுமில்லையா?” என்றார். தெரியும் என்றேன். அவர் எழுந்துபோய், ஊசியை மறுபடி முதலில் வைத்தார்.