கிழமைக் காசு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் பெரும்போக நெல் வெள்ளாமை பிழைத்துப்போனால் முதலில் வாசலுக்கு வருவது கடன்காரர்தான். ஐந்து பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று கையெழுத்து வாங்கி, கிழமைக்குக் கிழமை கட்டும் சிறுகடனாக நுண்கடன் நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன. ஒரு அக்காவால் அந்தக் கிழமை கட்ட முடியாவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்ட வேண்டும், அதுவரை வசூலுக்கு வந்த தம்பி திண்ணையை விட்டு எழும்பமாட்டார், அக்கம்பக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே நாளுக்கு நாள் வட்டி வாங்கும் ஊர் வட்டிக்காரரிடம் ஓடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபாய் வாங்கி 52 கிழமை 1,250 ரூபாய்ப்படி கட்டினால் மொத்தம் 65,000. வட்டி 30% என்பார்கள். ஆனால் வாங்கிய முதல் தொகையில் மிச்சம் ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டே போகிறதே, அதைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆண்டு வட்டி 50% ஐத் தாண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இலங்கையில் 2016இல் நுண்கடன் நிறுவனங்களுக்கென நுண்நிதிச் சட்டம் வந்தது, சரி. அது பெரும்பாலும் மக்களிடம் வைப்புக் காசு பெறும் நிறுவனங்களுக்குத்தான் வந்தது, ஊரில் தனியாக வட்டிக்கு விடுகிறவரை அது தொடவில்லை.

அவரிடம் போகத்தான் வேண்டும் என்றால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், காணி உறுதியைக் கொடுக்காதீர்கள், கட்டிய காசுக்கெல்லாம் பற்றுச்சீட்டு கேளுங்கள். அதற்கு முன் சமுர்த்தி வங்கியிலும் மாதர் சங்கத்திலும் ஒருதரம் விசாரியுங்கள், அக்கா.