அக்காவுக்கு என் பாட்டில் கிடையாது

போன மாதம் நாத்தனார் மகள் வந்திருந்தாள். காபி டம்ளரை வாங்கிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தவள், "அத்தை, மஸ்காரா போட்டிருக்கீங்களா?" என்றாள். அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பவுடர் பூசுவதே கல்யாண வீட்டுக்குப் போகும்போதுதான். இமை முடி இப்படி நீளமாகவும் கறுப்பாகவும் வளர்ந்திருப்பதற்குக் காரணம், ராத்திரி கண்ணில் விட்டுக்கொள்ளும் லட்டனோப்ரோஸ்ட் சொட்டு மருந்து. இதே வகையைச் சேர்ந்த பைமட்டோப்ரோஸ்டை, இமை முடி வளர்க்கும் மருந்தாகவே 2008-ல் அமெரிக்காவில் அனுமதித்துவிட்டார்கள். எனக்கு அது கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கான மருந்தோடு வந்த இலவசம். கண்ணைச் சுற்றித் தோல் கறுப்பதும் அதே இலவசத்தில் சேர்த்திதான். அதனால் சொட்டு விட்டதும் வெளியே வழிவதை ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று மதுரைக்குக் கண் டாக்டரிடம் போன இடத்தில்தான் எனக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. மஞ்சள் மருந்தைத் தடவி, நீல விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அழுத்தம் பார்த்தார்கள். மி.மீ. பாதரசக் கணக்கில் வலது கண் 27, இடது கண் 24. பொதுவாக 10 முதல் 21 வரை இருக்கலாமாம். அப்புறம் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் பரீட்சை. வலது கண்ணில் மேலே மூக்குப் பக்கமாகக் கொஞ்சம் இடம் போயிருந்தது. போனது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு கண்ணில் இல்லாததை இன்னொரு கண் நிரப்பிவிடுகிறது.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டே இருக்கிறது. வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெடும். கெட்ட நரம்பு திரும்ப வராது. கண்புரை மாதிரி ஆபரேஷன் செய்து பார்வையை மீட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுவதால் கண் பிரஷரும் அடங்கிவிடும் என்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு.

லட்டனோப்ரோஸ்ட் நீர் வடிய இன்னொரு வழியைத் தாராளமாகத் திறந்துவிடுகிறது. வலது கண்ணுக்கு அது போதாததால் டிமோலால் என்ற இன்னொன்றும் காலை, மாலை. அது சுரப்பையே குறைக்கிறது. இப்போது வலது கண் 17. ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வில், அழுத்தம் 1 குறைந்தால் நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். பத்து புள்ளி இறங்கியதை நான் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். வேறெப்படிப் பார்ப்பது? இந்த மருந்தால் பார்வை தெளிவாகாது, வலி குறையாது. குறைவதற்கு வலியே இல்லை. விட்டதும் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். அதனால்தான் பலர் டாக்டரைப் பார்க்கப் போகும் வாரம் மட்டும் ஒழுங்காக விடுகிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றதும் கரும்பலகைக்குக் கரி பூசும் பள்ளிக்கூடம் போல. அன்றைக்கு அழுத்தம் நன்றாகவே காட்டும், நரம்பு மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

எனக்குக் கிளாக்கோமா என்றதும், உடன்பிறந்தவர்களையும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். சிவகாசியிலிருந்து அக்காவை வரவழைத்தேன். அவளுக்கு 25, நரம்பு நன்றாக இருக்கிறது. சீட்டு எழுதி முடிப்பதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டி, ரெண்டு பேருக்கும் அதே பிரஷர்தானே? உன் பாட்டில்ல ஒண்ணக் குடு, போதும்."

"அக்கா, உனக்கு இழுப்பு இருக்கு. டிமோலால் உனக்கு ஆகாது."

"கண்ணுல ஊத்துறது நெஞ்சுக்கு எப்படிடி போகும்?"

போகும். கண்ணின் மூக்கோரத்தில் கண்ணீர் வடிகிற சின்னத் துளை இருக்கிறது. மருந்து அது வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. சில சொட்டு மருந்துகளை விட்டதும் தொண்டையில் கசப்பது இதனால்தான். டிமோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், நாடித் துடிப்பையும் குறைக்கும். அக்கா பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கிறது. பாட்டிலைக் கொடுக்கவில்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை.

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, அந்த மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்வது இதற்காகத்தான். மருந்து கண்ணிலேயே தங்கும், உடம்புக்குள் போவது குறையும். மருந்துச் சீட்டில் இதை யாரும் எழுதித் தருவதில்லை. எழுதவேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, ஒரு சொட்டு போதும். 2.5 மி.லி. பாட்டில் என்றால் 2,500 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு சுமார் 30 என்று வைத்துக்கொண்டால் எண்பது சொட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். இரண்டு கண்ணுக்கும் மாதம் 60. குறி தவறி கன்னத்தில் விழுவதற்கு இருபது மிச்சம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு சொட்டு விட்டால் மாதம் முடியும் முன்பே பாட்டில் காலி. கண் இமைக்குள் அவ்வளவு நீர் நிற்கவும் நிற்காது, வழிந்து காசுதான் வீண். இரண்டு மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விடவேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். ஒரு ராத்திரி லட்டனோப்ரோஸ்ட் விட மறந்தால், அடுத்த நாள் சேர்த்து விடக்கூடாது. ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் விட்டால் அழுத்தத்தைக் குறைக்கும் அதன் வேலையே மட்டுப்படுமாம்.

திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும், ஃப்ரீசரில் அல்ல. திறந்தபிறகு 25 டிகிரிக்குள் வைத்து ஆறு வாரத்தில் முடித்துவிடச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் விருதுநகரில் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? அதனால் திறந்தபிறகும் ஃபிரிட்ஜிலேயே, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில். திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதிவிடுவேன். ஜில்லென்று இருப்பதில் ஒரு லாபம்: சொட்டு கண்ணில் விழுந்ததா, இமையில் விழுந்ததா என்று உடனே தெரிந்துவிடும்.

அக்காவுக்கு மருந்து தேவையா என்பதே கொஞ்சம் யோசிக்கவேண்டிய கேள்வியாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் 1,636 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. எல்லோரும் அவளைப் போல அழுத்தம் மட்டும் கூடியவர்கள். ஐந்து வருடத்தில், மருந்து விடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா வந்தது, விட்டவர்களில் 4.4 சதவீதம். ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்பதும் உண்மை, மருந்தே விடாமல் தப்பியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்பதும் உண்மை. தங்கைக்கு இருக்கிறது, வயதும் அறுபதைத் தாண்டியாயிற்று என்பதால் டாக்டர் ஆரம்பித்துவிடலாம் என்றார். சொட்டுக்குப் பதிலாக லேசரையும் யோசிக்கச் சொன்னார். இங்கிலாந்தில் முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்ததாக 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

"லேசர்னா கத்தி வைக்க மாட்டாங்கல்ல?" என்று அக்கா இதுவரை என்னிடம் பலமுறை கேட்டுவிட்டாள். பங்குனிப் பொங்கல் முடிந்ததும் மதுரைக்குப் போய் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்ஹேலரையும் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.