சிவப்பில் மறையும் காட்சிகள்: ஒரு நாட்குறிப்பு

2025 ஜனவரி 4, சனி

இந்த மாதம் முழுவதும் ஐரோப்பாவின் ஒரு குறிப்பிட்ட வகைப் படங்களை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். திகில் படம் என்று சொன்னால் திகில் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். கலைப்படம் என்றால் விமர்சகர்கள் தயங்குவார்கள். காமப் படம் என்று நம்பிப் போனவர்களோ பாதியிலேயே எழுந்து வந்துவிடுவார்கள். 1960களின் இறுதி முதல் 1980களின் தொடக்கம் வரை இப்படிப்பட்ட படங்கள் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் மேற்கு ஜெர்மனியிலும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ரத்தமும் நிர்வாணமும் அவற்றை விடத் தாராளமாக வந்த படங்கள் எத்தனையோ இருக்க, இவை ஏன் அவ்வளவு பேரைக் கலவரப்படுத்தின என்பதே என் கேள்வி.

முதலில் ஹாரி கூமல் இயக்கிய பெல்ஜியப் படமான 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1971). குளிர்காலத்தில் ஆளரவமற்றுக் கிடக்கும் ஆஸ்டெண்ட் கடற்கரை விடுதி ஒன்றுக்குப் புதுமணத் தம்பதியர் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஒரு சீமாட்டியும் அவளுடைய செயலாளரான இளம்பெண்ணும் வருகிறார்கள். சீமாட்டியின் பெயர் பாத்தரி. பணிப்பெண்களைச் சித்திரவதை செய்து கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தன் கோட்டையிலேயே அடைக்கப்பட்டு 1614இல் இறந்துபோன ஹங்கேரியப் பிரபுகுலப் பெண்ணின் பெயர் அது. விடுதியின் வயதான பணியாளர், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு தான் சிறுவனாக இருந்தபோது இதே அம்மையார் இதே முகத்துடன் வந்து தங்கியதாக நினைவுகூர்கிறார். அது என் தாயாராக இருக்கும் என்று அவள் புன்னகையுடன் சொல்லிவிடுகிறாள்.

இன்று திரும்பத் திரும்பப் பார்த்தது ஒரே ஒரு காட்சியைத்தான். விடுதியின் கூடத்தில் சீமாட்டியும் புதுமாப்பிள்ளையும், பழைய பாத்தரி தன் பணிப்பெண்களை என்னவெல்லாம் செய்தாள் என்பதை, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து, அந்தாதி பாடுவதுபோல அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பேசப் பேச அவள் விரல்கள் அவனை வருடுகின்றன, அவன் மூச்சு ஏறுகிறது, எதிரில் அமர்ந்திருக்கும் புதுமனைவியின் முகம் வெளிறுகிறது. திரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஓர் ஆடைகூட விலகவில்லை. ஆனாலும் படத்தில் பின்னால் வரும் எந்தக் கொலையும் இந்த அளவுக்கு என்னைக் கூசச் செய்யவில்லை. கொடுமையைக் கேட்டு அருவருக்க வேண்டிய இடத்தில் ஒருவனுக்குக் கிளர்ச்சி உண்டாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சீமாட்டியாக நடிக்கும் டெல்ஃபீன் செய்ரிக்கின் இனிய குரலில் மயங்கி நாமும் அந்தப் பேச்சு தொடரட்டும் என்று விரும்புகிறோம்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

டெல்ஃபீன் செய்ரிக்கைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டது உறுத்துகிறது. பிரெஞ்சுக் கலைப்படங்களின் முகமாக அறியப்பட்ட அவர், இந்தப் படம் வெளிவந்த 1971ஆம் ஆண்டின் ஏப்ரலில்தான், தாங்கள் சட்டவிரோதமாகக் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று வெளிப்படையாக அறிவித்த 343 பிரெஞ்சுப் பெண்களின் அறிக்கையிலும் கையெழுத்திட்டார். மனைவியை இடுப்புப்பட்டையால் அடிக்கும் கணவனிடமிருந்து அவளைப் பிரித்துத் தன்னோடு அழைத்துக்கொள்ளும் ரத்தக்காட்டேரியாக அவர் நடித்ததை இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த விடுதலை எதில் போய் முடிகிறது என்பதையும் படம் மறைக்கவில்லை. ஒருவரின் கைதியாக இருந்தவள் இன்னொருவரின் கைதியாகிறாள்.

கூமலின் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காட்சி முடியும்போது திரை கறுத்துப் போவதற்குப் பதிலாகச் சிவந்து போகிறது. படத்தின் மிகக் குறும்பான அதிர்ச்சியும் ரத்தமே இல்லாததுதான். மாப்பிள்ளை பயந்து பயந்து தொலைபேசியில் அழைக்கும் அவனுடைய 'அம்மா', பூச்செடிகளுக்கு நடுவே உதட்டுச் சாயம் பூசி அமர்ந்திருக்கும் ஒரு நடுவயது ஆண்.

2025 ஜனவரி 9, வியாழன்

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரொலன். இவரைக் குறித்து எனக்கு இரண்டு மனம் உண்டு. இவருடைய முதல் நெடும்படமான 'லெ வியோல் து வாம்பிர்' 1968 மே மாதக் கடைசியில், பாரிஸ் மாணவர் கிளர்ச்சியாலும் வேலைநிறுத்தத்தாலும் முடங்கிக் கிடந்த நாட்களில் திரைக்கு வந்தது. புதிய படங்கள் அதிகம் இல்லாத வேளை என்பதால் கூட்டம் வந்தது. வந்த கூட்டம் கூச்சலிட்டுத் திரையின் மீது கையில் கிடைத்ததை எறிந்தது. தெருவில் கல்லெறிந்துகொண்டிருந்த தலைமுறைக்கு அந்தப் படத்தில் எது அவ்வளவு பொறுக்கவில்லை என்று யோசித்தால், கதை கோவையாக இல்லை என்பதுதான் முதன்மையான காரணமாகத் தெரிகிறது. நிர்வாணத்தைப் பொறுத்துக்கொண்ட ரசிகர்கள் தர்க்கமின்மையைப் பொறுக்கவில்லை.

இன்று பார்த்தது 'ஃபாசினாசியோன்' (1979). 1905ஆம் ஆண்டு, ஓர் இறைச்சிக்கூடம். வெள்ளுடை அணிந்த உயர்குடிப் பெண்கள் சோகை தீர்வதற்காகக் கிண்ணங்களில் மாட்டு ரத்தம் அருந்துகிறார்கள். ரத்தச் சேற்றில் படாமல் பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்தபடி, மருத்துவர் சொல்லிவிட்டார் என்ற தைரியத்துடன் அவர்கள் குடிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தை மறுபடி பார்ப்பேன். மருந்து எந்த மிடறில் சுவையாக மாறுகிறது என்று கேட்கும் காட்சி அது. அதன் பிறகு வரும் அரண்மனைக் காட்சிகளில் பாதி, முதலீட்டாளர் கேட்ட நிர்வாணத்தை நிரப்புவதற்காக எடுத்தவை என்பது பார்க்கும்போதே தெரிகிறது. ஒரு கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் இரண்டே பேரை வைத்து 1973இல் எடுத்த 'லா ரோஸ் து ஃபேர்' படம் தோல்வியடைந்த பிறகு, ரொலன் புனைபெயரில் நீலப்படங்கள் எடுத்துத்தான் பிழைக்க வேண்டியிருந்தது. மனிதர் மீது இரக்கம் வருகிறது. ஆனால் அவர் படங்களில் நடித்த பெண்களின் உடல், கவிதைக்கும் கல்லாப்பெட்டிக்கும் ஒரே நேரத்தில் உழைத்திருக்கிறது என்பதை அந்த இரக்கம் மறைத்துவிடக் கூடாது.

2025 ஜனவரி 12, ஞாயிறு

ஸ்பெயினைப் பற்றிச் சுருக்கமாக. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் திரைப்படங்களுக்குக் கடும் தணிக்கை இருந்தது. அது 1977இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுவரை தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி எளியது: ஒரே காட்சியை நடிகை ஆடையுடன் ஒரு முறை உள்நாட்டுக்காகவும், ஆடையின்றி ஒரு முறை வெளிநாட்டுக்காகவும் எடுப்பார்கள். எல்லையைத் தாண்டும்போது உடையைக் களைந்துவிட்டுப் போகும் படங்கள். சர்வாதிகாரியின் பெயரையே குடும்பப்பெயராகச் சுமந்த ஜெஸ் ஃபிராங்கோ என்ற இயக்குநர் பின்னர் பிற நாடுகளின் பணத்தில் படம் எடுக்கத் தொடங்கினார். அவருடைய 'வாம்பிரோஸ் லெஸ்போஸ்' (1971) படத்தில் நடித்த சொலெதாத் மிராண்டா, படம் வெளிவரும் முன்பே 1970 ஆகஸ்டில் சாலை விபத்தில் இறந்துபோனார். படம் எனக்குச் சலிப்பூட்டியது. அவர் கண்கள் மட்டும் மனத்தில் நிற்கின்றன.

2025 ஜனவரி 16, வியாழன்

வலேரியன் பொரோவ்சிக்கின் 'லா பெத்' (1975). போலந்தில் ஓவியமும் அசைவூட்டப் படமும் கற்றுத் தேர்ந்து 1959இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்த இவர், மனிதர்களைப் படம்பிடிக்கும்போதும் பொருட்களைப் படம்பிடிப்பது போலவே பிடிப்பார். கதவின் தாழ்ப்பாள், சரிகைத் துணி, காலணி, நத்தை எல்லாவற்றுக்கும் முகத்துக்குக் கிடைக்கும் அதே வெளிச்சம் கிடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெவோதான் பகுதியில் பலரைக் கொன்ற விலங்கைப் பற்றிய பழங்கதையை எடுத்துக்கொண்டு, அதைச் சீரழிந்த பிரபுக் குடும்பம் ஒன்றின் திருமண பேரத்துக்குள் வைத்திருக்கிறார். காட்டில் துரத்தும் விலங்கும் ஓடும் சீமாட்டியும் வரும் கனவுப் பகுதி முழுவதும் பின்னணியில் பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் ஹார்ப்சிகார்ட் இசை துள்ளலாக ஒலிக்கிறது. விலங்கின் தோலோ, வேண்டுமென்றே செய்ததுபோலப் பொம்மைத்தனமாக இருக்கிறது.

அந்தக் கனவுப் பகுதியைத்தான் தனிக் குறும்படமாக 1973இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டினார்கள். முழுப் படம் பிரிட்டனில் வெட்டின்றி வயதுவந்தோருக்கான சான்றிதழ் பெற 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சிலோ, படம் வந்த அதே 1975ஆம் ஆண்டின் டிசம்பர் இறுதியில் இயற்றிய சட்டம், அப்பட்டமான காமப் படங்களை 'எக்ஸ்' என்ற தனி வகையில் ஒதுக்கி, அவற்றுக்குக் கூடுதல் வரி விதித்து, அரசு உதவியை நிறுத்தி, தனித் திரையரங்குகளுக்குள் அடைத்தது. தடை செய்வதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு இது. எல்லாவற்றையும் அனுமதிக்கிறோம், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் அறைக்குள் இருக்க வேண்டும் என்று அரசு சொல்கிறது. எந்த அறையில் வைப்பது என்று தெரியாத படத்துக்குத்தான் அதன் பிறகு இடமில்லாமல் போனது.

தலையில் இருக்கும்வரை பூச்சூட்டி அழகு பார்க்கும் கூந்தல், ஒற்றை இழையாகச் சோற்றில் கிடந்தால் இலையையே தள்ளிவிட வைக்கிறது. தணிக்கைக்காரர்களின் அருவருப்பும் பெரும்பாலும் இந்த வகைதான் என்று தோன்றுகிறது. அரச சபை இசைக்கும் விலங்கின் இச்சைக்கும் தனித்தனியே இடம் உண்டு. இரண்டையும் ஒரே இலையில் பரிமாறியதுதான் பொரோவ்சிக் செய்த குற்றம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தக் கனவில் பலவந்தம் இன்பமாக மாறும் இடத்தை நான் ஏற்கவில்லை. கனவு காண்பவள் பெண் என்று படம் சாக்குச் சொல்கிறது. அந்தக் கனவை எழுதியவர் ஓர் ஆண்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

நேற்று இரவு அந்த்ரே ஜுவாவ்ஸ்கியின் 'பொசெஷன்' (1981). முடியும்போது இரண்டு மணி. அதன் பிறகு தூக்கம் வரவில்லை.

போலந்தில் அவர் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரும் படத்தை 1977இல் அதிகாரிகள் பாதியில் நிறுத்தினார்கள், மணவாழ்க்கையும் முறிந்தது. அந்த இரண்டு காயங்களோடு அவர் மேற்கு பெர்லினுக்கு வந்து, நகரைப் பிரித்த சுவரையொட்டிய தெருக்களில் இந்தப் படத்தை எடுத்தார். வெளியூர் வேலை முடிந்து வீடு திரும்பும் மார்க்கிடம் அவன் மனைவி அன்னா விவாகரத்து கேட்கிறாள். காரணம் சொல்ல அவளால் முடியவில்லை. தொடக்கத்தில் நெடுநேரம் கணவன் மனைவி சண்டையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் நாற்காலிகள் பறக்கின்றன, சமையலறையின் மின்கத்தி முதலில் அவள் கழுத்துக்கும் பிறகு அவன் கைக்கும் போகிறது. சன்னலுக்கு வெளியே சுவரின் மறுபக்கத்துக் காவலர்கள் தொலைநோக்கியால் வேடிக்கை பார்க்கிறார்கள்.

சங்க அகப்பாடல்களில் ஒரு வழக்கமான நிலை உண்டு. காதலால் மெலிந்த மகளைக் கண்டு, இது முருகன் தந்த அணங்கு என்று எண்ணும் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். தோழிக்கு உண்மை தெரியும்: இது தெய்வமல்ல, ஒரு மனிதன். ஒரு பாடலில் தோழி, நோய்க்குத் தான் காரணமில்லை என்று தெரிந்தும் வெறியாட்டுக் களத்துக்கு வந்துவிட்ட முருகனையே அறியாதவன் என்று ஏசுகிறாள். ஜுவாவ்ஸ்கியின் படம் இந்த நிலையை அப்படியே தலைகீழாக்குகிறது. வேலனுக்குப் பதிலாகத் துப்பறிவாளனை அமர்த்தும் கணவன், இது நிச்சயமாக ஒரு மனிதன்தான், எவனோ ஒரு கள்ளக்காதலன் என்று எண்ணித் தேடிப் போகிறான். பாழடைந்த வாடகை வீட்டில் அவன் காண்பதோ, பாதி உருவான, கொழகொழத்த, பெயரில்லாத ஓர் உயிர். அதை உருவாக்கியவர் கார்லோ ரம்பால்டி. 'ஏலியன்' படத்துக்கும் 'ஈ.டி.' படத்துக்கும் பணியாற்றிய அதே கைகள், இடையில் இதையும் செய்திருக்கின்றன.

அன்னா அந்த உயிரைத் தழுவிக் கிடக்கும் காட்சியில் கணவனைத் திரும்பிப் பார்த்து, 'கிட்டத்தட்ட, கிட்டத்தட்ட' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். காமத்தின் சொல்லாகவும் படைப்பின் சொல்லாகவும் ஒரே நேரத்தில் அது ஒலிக்கிறது. அந்த உயிர் கடைசியில் அவளுடைய கணவனின் முகத்தையே, குறைகள் நீங்கிய அச்சாக, எடுத்துக்கொள்கிறது.

சுரங்க ரயில் நிலையக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இருந்தாலும் தவிர்க்க முடியாது. கையில் மளிகைப் பையுடன் ஆளில்லாத நடைபாதையில் வரும், அன்னாவாக நடிக்கும் இசபெல் அஜானி முதலில் சிரிக்கிறார். பிறகு உடம்பு முறுக்கிக்கொள்ள, பையைச் சுவரில் அறைகிறார். பால் வழிகிறது. பால் தரையில் பரவிய பின்புதான் உடம்பிலிருந்து ரத்தமும் வெண்ணிற நீரும் வழிகின்றன. சாமியாட்டம், பேறுவலி, உச்சம், வலிப்பு என்ற நான்கில் எது நடக்கிறது என்று ஒரு கணமும் பிரித்துச் சொல்ல முடியாது. பால் என்ற மிகச் சாதாரணப் பொருள் முதலில் சிந்தாமல் இருந்திருந்தால், பின்னால் வருவது வெறும் ஒப்பனையாகிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த நடிப்புக்கும் அதே ஆண்டின் இன்னொரு படத்துக்கும் சேர்த்து அஜானிக்குப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளில் அதே படம் பிரிட்டனில் 'வீடியோ நாஸ்டி' பட்டியலில், அதாவது ஆபாசமானவை என்று வழக்குக்கு இலக்கான வீடியோ படங்களின் பட்டியலில், இடம்பெற்றது. அமெரிக்க விநியோகஸ்தர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 124 நிமிடப் படத்தில் நாற்பது நிமிடங்களுக்கும் மேல் வெட்டி, காட்சிகளை இடம் மாற்றி வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தெறிந்ததில் பெரும்பகுதி பூதமோ ரத்தமோ அன்று; கணவன் மனைவி பிரிவைத்தான். பூதத்தை மட்டும் வைத்தால் திகில் படம், விற்றுவிடலாம். பிரிவை மட்டும் வைத்திருந்தால் குடும்பச் சித்திரம், அதையும் விற்றிருக்கலாம். அந்தப் பூதம் இந்தப் பிரிவுக்குப் பிறந்தது என்பதைத்தான் அவர்களால் விற்க முடியவில்லை.

2025 ஜனவரி 25, சனி

இருபது ஆண்டுகள் தாண்டி வருகிறேன். க்ளேர் டெனியின் 'ட்ரபிள் எவ்ரி டே' (2001) கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டபோது பலர் எழுந்து வெளியேறினார்கள். அதற்குள் பழைய தணிக்கைச் சட்டங்கள் பெரும்பாலும் தளர்ந்திருந்தன. கத்தரி இல்லாத காலத்தில் ரசிகர்களே கத்தரியானார்கள்.

ஒரு பெண் இயக்குநர், ஒரு பெண் ஒளிப்பதிவாளர். ஆன்யெஸ் கொதாரின் ஒளிப்பதிவுக் கருவி தோலுக்கு மிக அருகில், மயிர்க்கால்கள் தெரியும் அளவுக்கு நெருங்கி நகர்கிறது. எந்த உறுப்பைப் பார்க்கிறோம் என்றே சிறிது நேரம் புரிவதில்லை. முத்தமிடும் வேகத்தில் கடித்துத் தின்னத் தொடங்கும் ஒரு நோய். அந்த நோயுள்ள மனைவியை மருத்துவரான கணவன் பலகை அடித்த சன்னல்களுக்குப் பின்னால் பூட்டி வைக்கிறான், அவள் தப்பிப் போய்க் கொன்றால் சடலத்தைப் புதைத்துவிட்டு, அவள் உடம்பைப் பரிவுடன் துடைத்துவிடுகிறான். அந்த மனைவியாக நடிக்கும் பெயாத்ரீஸ் தால் படத்தில் அனேகமாகப் பேசுவதே இல்லை. அவர் ஓர் இளைஞனைக் கடிக்கும் காட்சி நீண்டுகொண்டே போகிறது. நடுவில் அவன் இன்பக் குரல் வலிக் குரலாக மாறும் நொடியைப் பிடிக்க மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதே நோய் உள்ள இன்னொருவன், தேனிலவுக்குப் பாரிஸ் வந்த அமெரிக்கன். தன் மனைவியைத் தின்றுவிடக்கூடும் என்ற பயத்தால் அவளைத் தொடாமலேயே இருக்கிறான். கடைசியில் விடுதிப் பணிப்பெண் ஒருத்தியைக் கொன்றுவிட்டு, குளியலறையில் நின்று கழுவிக்கொள்கிறான். மனைவி உள்ளே வருகிறாள். குளியல் திரையில் ஒரு துளி ரத்தம் நீரோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. அவன் அவளை அணைத்துக்கொள்கிறான். அவன் தோளுக்கு மேலாக அவள் கண்கள் திறந்தே இருக்கின்றன.