கதவைச் சாத்திவிட்டுப் பேசும் வருத்தம்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்குச் சுகாதார வேலையாக லயம் லயமாக ஏறி இறங்குகிறேன். சீனி, பிரஷர் என்றால் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். வலிப்பு என்றால் கதவைச் சாத்திய பிறகுதான் பேச்சு.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த வருத்தம், அதாவது வலிப்பு நோய், இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரச வைத்தியசாலையில் மருந்துக்குக் காசு இல்லை. அப்படியிருந்தும் எங்கள் பக்கம் மருந்து பாதியில் நின்றுபோகிறது. கிளினிக் நாளில் மலைக்கு வேலைக்குப் போக முடியாது, அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். பிள்ளையைக் கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னால் தாய், தகப்பன் இருவர் பேரும் போகும், பஸ் காசு வேறு. நாலைந்து மாதம் வலிப்பு வராவிட்டால் "சுகமாயிருச்சு மிஸ்" என்று நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிப் பேசுவேன். கையில் இரும்பு கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். அடுப்பு, பீலித் தண்ணீர், கவ்வாத்துக் கத்தி பக்கத்தில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தலைக்குக் கீழே, மழைக்குப் போர்த்தும் கொங்காணியை மடித்து வையுங்கள், வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போனில் நேரம் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். பார்ப்பவருக்கு அரை மணி போலத் தெரியும் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் அடங்கிவிடும் என்று சொன்னால் கங்காணிமார் முகத்திலேயே பயம் குறைவது தெரியும்.

ஆனால் பெரட்டுக்களத்துப் பேச்சு கதவுக்கு உள்ளே போவதில்லை.

ஒரு வீட்டில் மகளின் மாத்திரை சாமிப் படத்துக்குப் பின்னால் பவுடர் டின்னில் இருந்தது. வெறும் தகடுகள் குப்பையில் கிடந்தால் பக்கத்துக் காம்பராவுக்குத் தெரிந்துவிடும் என்று, தாய் எல்லாவற்றையும் மொத்தமாக உரித்து டின்னில் கொட்டியிருந்தார். அந்த வலிப்பு மாத்திரை சோடியம் வால்ப்ரோயேட், ஈரத்தை இழுக்கும். நம் பனிக்கு அது பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

"புள்ளைக்கு மாப்ள பாக்குறோம் மிஸ். தெரிஞ்சா யாரு கட்டுவா?"

"தொற்றாது அக்கா" என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் பயம் நியாயமானது. அதனால் நான் கல்யாணத்தைப் பற்றியே பேசினேன். இந்த மாத்திரை கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கலாம், ஆகவே இப்போதே டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றலாமா என்று பார்ப்பார், நாமாக நிறுத்தக் கூடாது என்றேன். புருஷன் வீட்டில் ஒளித்து ஒளித்துப் போடும் மாத்திரை ஒருநாள் தவறும், வலிப்பு எல்லார் முன்னாலும் வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மகள் அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போதுதான், "நானே சொல்லிர்றேம்மா" என்றாள்.

கிளினிக்கில் மருந்தை மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில், இந்த வேலையில் இதைவிட முக்கியமான கூட்டம் எதுவும் இல்லை.